புதன்கிழமைக்காரர்கள்

பாதி வெட்டிய தலையோடு எர்ல் நாற்காலியைவிட்டு எழுந்தபோது, லென் பாவ்லிக்கின் கத்தரிக்கோல் இன்னும் காற்றில்தான் இருந்தது. எர்லின் தலையில் இடப்பக்கம் ராணுவக் கிராப்பு, வலப்பக்கம் காதை மூடிய காடு. கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்து லென்னின் கையில் திணித்தார்.

"இருபத்திரண்டு வருஷமா உன்கிட்ட தலையைக் கொடுத்திருக்கேன். நீயும் அந்தக் கட்சிதானா?"

லென் செய்த குற்றம் இவ்வளவுதான். ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பந்தெறிகிற குவார்ட்டர்பேக் டக் ரெனிக்குக்கு முப்பத்தொன்பது வயதில் தோள் போய்விட்டது என்று, முறைக்குக் காத்திருந்த மார்வ் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது கஜத்துக்கு மேல் எறிந்தால் பந்து தபாலில் போவதுபோல் போகிறதாம். அந்த நேரம் பார்த்து, காதோர முடியைக் கவனிக்க லென் தலையைக் குனிந்தார். கண்ணாடியில் அது ஆமோதிப்பதுபோல் தெரிந்துவிட்டது.

மார்வுடைய தங்கைதான் எர்லின் மனைவி. "மச்சான், மீதியையும் வெட்டிக்கிட்டுப் போய்க் கோவிச்சுக்கோ," என்று மார்வ் நல்ல மனசோடுதான் சொன்னார். எர்ல் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

லென்னுக்கு ரெனிக்கின் தோளைப் பற்றி அபிப்பிராயமே கிடையாது. முப்பது வருஷம் நின்றே தேய்ந்த தன் முழங்காலைப் பற்றித்தான் அபிப்பிராயம் உண்டு. ஆனால் எர்ல் போனால் அவரோடு பந்துருட்டிக் கட்டை சாய்க்கும் பௌலிங் குழு முழுக்கப் பின்னாலேயே போய்விடும். எர்லோடு சேர்த்து ஒன்பது தலைகளை இழந்தால் இரண்டு நாற்காலிக் கடை தாங்காது.

அன்று மாலையே கண்ணாடிக்கு மேல் ஒரு அட்டை தொங்கியது: 'இங்கே ரெனிக்கின் தோளைப் பற்றிப் பேசக் கூடாது.'

இரண்டு நாள் கடை சாவு வீடு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் ஒருவர் பக்கத்து ஆளிடம், உங்கள் பழைய டிரக் மேட்டில் ஏறுகிறதா என்று சாதாரணமாகக் கேட்டார். ஏறுவதெல்லாம் ஏறும், தூரம்தான் போகாது என்றார் அவர். வண்டியில் கோளாறில்லை, ரோடுதான் சரியில்லை என்றார் மூன்றாமவர். நான்காமவரிடம் உண்மையிலேயே ஒரு பழைய டிரக் இருந்தது. தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று அவர் கிளம்பிப் போனார்.

லென் அட்டையைக் கழற்றினார்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவருடைய மனைவி டொலோரஸ்தான் வழி சொன்னாள். "ரெண்டு கட்சியையும் ஒரே அறையில வெச்சா அப்படித்தான் இருக்கும். கட்சிக்கு ஒரு நாளாப் பிரிச்சு விடுங்க." தோள் போய்விட்டது என்பவர்களுக்குச் செவ்வாய். தோள் கல்லு மாதிரி இருக்கிறது என்பவர்களுக்குப் புதன். எர்லின் மனைவியிடமும் அவளே தொலைபேசியில் பேசினாள். பாதித் தலையைக் கம்பளித் தொப்பியால் மூடிக்கொண்டு, பௌலிங் குழு சூழ, எர்ல் புதன்கிழமை வந்து உட்கார்ந்தார். லென்னுக்கு உயிர் வந்தது.

அந்த உயிர் ஞாயிறு வரை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ரெனிக் ஐம்பத்திரண்டு கஜத்துக்கு ஒரு பாஸ் எறிந்து தொலைத்தார். செவ்வாய்க்காரர்களில் பாதிப் பேர் புதனுக்கு மாற்றித் தரச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு இரண்டு நீளப் பந்துகள் எதிரணிக்காரன் மடியில் போய் விழுந்தன. மாறியவர்கள் திரும்பி வந்தார்கள், கூடவே சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு. எதற்கும் ஆட்டம் முடியட்டும், பிறகு நாள் சொல்கிறேன் என்று சிலர் தலையை வளர்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். எல்லாம் ஏரிக்காற்றின் வேலை என்றவர்களுக்கு வியாழன் கொடுக்க வேண்டியதாயிற்று. பந்தைப் பிடிக்கிறவன்தான் ஓடவில்லை என்றவர்களுக்கு வெள்ளி. முடிவு செய்ய முடியாதவர்களுக்காக, ஊரில் எந்த முடிதிருத்தும் கடையும் திறக்காத திங்கட்கிழமையும் போயிற்று. லென் நின்றுகொண்டே தூங்கப் பழகினார்.

நவம்பர் முடிவதற்குள் பௌலிங் குழுவும் ஒவ்வொருவராகக் கழன்றது. ஒருவர் காற்றுக்குப் போனார், இருவர் வெள்ளிக்கு. மீதி ஐந்து பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு செவ்வாய்க்கே போய்விட்டார்கள். செவ்வாயன்று நிற்க இடமில்லை. புதனன்று எர்ல் மட்டும் வந்தார். வெட்ட முடி இல்லாத வாரத்திலும் வந்தார்.

புதனை எடுத்துவிடலாம் என்று டொலோரஸ் சொன்னாள். லென்னுக்கு மனசு வரவில்லை.

"வேற யாராவது வருவாங்களா லென்?" என்று அன்றும் எர்ல் கேட்டார்.

"சீசன் இன்னும் முடியலையே."

"நீ ஒரு வார்த்தை சொல்லேன். அவன் தோள் போயிடுச்சா?"

லென் இந்த முறை தலையை அசைக்காமல், மூச்சைக்கூட அளந்து விட்டார். நல்லவேளையாகத் தொலைபேசி அடித்தது.

களைத்துப்போன ஆண் குரல். எப்போதும் முடி வெட்டுகிறவர் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடா போய்விட்டாராம், அடுத்த வாரம் இங்கே இடம் கிடைக்குமா என்று கேட்டது. பெயரைக் கேட்டதும் லென் முதுகை நிமிர்த்தினார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "எர்ல், ரெனிக்," என்றார்.

எர்லின் முகத்தில் ஒரு மாதமாக இல்லாத வெளிச்சம் வந்தது. புதன், புதன் என்று வாயசைத்தார். வேண்டுமானால் அடுத்த புதன் பௌலிங் குழுவையே கழுத்தைப் பிடித்து இழுத்து வருவதாகச் சைகை செய்தார். லென்னுக்கும் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு பிரச்சினை தானாகத் தீர்வதுபோல் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை மட்டும் வேணாம் சார்," என்றார். "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்குத் தோள் போயிடுச்சுன்னு பேசறவங்க வர்ற நாள் அது. புதன்கிழமை வாங்க. உங்களை நம்பறவங்க நாள். உங்களுக்காகவே ஒருத்தர் இங்க காத்துக்கிட்டிருக்கார்."

மறுமுனையில் யாரோ கவனமாக, வலியில்லாத பக்கமாகத் திரும்பி உட்காரும் சத்தம் கேட்டது.

"எனக்குச் செவ்வாய்க்கிழமையே போட்டுடுங்கண்ணே."