லூர்துநாதன் மொழிபெயர்த்த கொலை

வீடியோ டெக் கெட்டுப்போய்விட்டது என்று லூர்துநாதன் வாசலில் நின்று அறிவித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக மதார் சாகிப் வந்து நின்றார். தருமபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"குஞ்சம்மா வந்து சொல்லிச்சு. நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல இப்படி ஆயிடுச்சேன்னு புலம்புது. எங்க, காட்டுங்க."

"பெரிய ரிப்பேர் பாய். மெட்ராசுக்குத்தான் அனுப்பணும்."

மதார் சாகிப் குனிந்து பார்த்தார். சுவரோரம் கிடந்த பிளக்கை எடுத்துச் சொருகினார். டெக்கில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"நாளைக்கு எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் வேறொன்றும் இல்லை. லூர்துநாதனுக்குப் பிரெஞ்சு தெரியாது.

பிரெஞ்சு ராணுவத்தில் பதினோரு வருஷம் இருந்தவர்தான். அந்தப் பதினோரு வருஷமும் ஜிபூத்தி முகாமில் ஒரு சமையல்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்தார். காய்கறிப் பெயர்கள், அணிவகுப்புக் கட்டளைகள், சார்ஜெண்ட் திட்டிய திட்டுகள், இவ்வளவுதான் கையிருப்பு. இதை வைத்துக்கொண்டே அந்தத் தெருவில் இருபது வருஷமாகப் பிரெஞ்சு தெரிந்த மனிதராக உலாவிவிட்டார்.

வினை பிரான்சின் மார்செய்யிலிருந்து வந்தது. எண்பத்தைந்தில் லீவுக்கு வந்த தம்பி ஒரு டெக்கையும் ஒரு கேசட்டையும் கொடுத்துவிட்டுப் போனான். லண்டன் டெலிவிஷன்காரர்கள் அந்தக் காலத்தில் எடுத்த துப்பறியும் தொடர். கதை நடப்பது ஏதோ ஒரு கிரேக்கத் தீவில். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர் கோட்டைக் கழற்றாமல் வேர்த்து வடிந்து கொலைகாரனைத் தேடுகிறார். பிரான்சில் அதைப் பிரெஞ்சு பேசவைத்து ஒளிபரப்பினார்களாம், தம்பி பதிவு செய்திருந்தான்.

"என்னண்ணே சொல்றாங்க?" என்று முதல் நாளே பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா கேட்டாள்.

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வந்தால்தானே. "கப்பல் முதலாளியை யாரோ கொன்னுட்டாங்க" என்று ஆரம்பித்தார் மனிதர்.

ஆரம்பித்தது ரெண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனால் தெருவே அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கும். அதே கேசட், அதே பிணம், அதே இன்ஸ்பெக்டர். ஜனங்களுக்கு அலுக்கவே இல்லை. ஆனால் ஒரே படத்தை நூறு தடவை பார்க்கிறவர்களுக்கு ஞாபகசக்தி கூடிவிடுகிறது.

"போன மாசம் டாக்டர் சொத்துக்காகக் கொன்னார்னு சொன்னீங்க. இப்பப் பழைய பகைங்கிறீங்களே?"

"பிரெஞ்சு ஆழமான பாஷை குஞ்சம்மா. கேக்கக் கேக்கத்தான் எறங்கும்."

அவர் தடுமாறும் சமயத்தில், மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் மனைவி இருதயமேரி, சின்ன வயதில் கன்னியாஸ்திரீகள் மடத்தில் படித்தவள், மெதுவாக ஏதாவது கேட்பாள். "ஏங்க, அப்ப அந்த நர்சம்மா பொய் சொல்றாளா?" லூர்துநாதன் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். "அதைத்தான் சொல்ல வந்தேன்." பாவம், ஒன்றும் புரியாமல் கேட்கிறாள் என்று அவருக்கு இரக்கமாகக்கூட இருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் மகள் ஆரோக்கியசெல்விக்குப் பாரீசிலிருந்து வரன் வந்தது. பையனின் தகப்பனார் மரியசெல்வம் அங்கே கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். பொண்ணோட அப்பா பிரெஞ்சில் புலி, ஞாயிறுதோறும் தெருவுக்கே படம் விளக்குகிறவர் என்று தரகர் அளந்துவிட்டிருந்தார். உடனே கடிதம் வந்தது: 'ஞாயிறு நாலு மணிக்கே வருகிறோம். தாங்கள் படத்துக்கு விளக்கம் சொல்வதைக் கேட்க ஆசை.'

பையனின் போட்டோவை ஆரோக்கியசெல்வி ஜெபப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். இப்போதெல்லாம் ஜெபம் கொஞ்சம் நீளமாகவே நடந்தது. அதைப் பார்த்ததிலிருந்து லூர்துநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பன் புளுகன் என்று தெரிந்தால் மகளை யார் எடுப்பார்கள்?

டெக் கைவிட்டதும், கேசட்டைக் காணோம் என்றார். கொல்லையில் அடுக்கியிருந்த தென்னை மட்டைக்கு அடியில் அதைச் சொருகிவைத்தது அவரேதான்.

குஞ்சம்மா விடுவாளா. காணாமல் போன பொருளுக்கு அந்தோணியார் இருக்கிறார் என்று மாதா கோயிலுக்கு ஓடி ஒரு கட்டு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு வந்தாள். மறுநாள் காலை, ரெண்டாம் பூசைக்குப் போன இருதயமேரி இன்னும் திரும்பவில்லை, விருந்துக்கு அடுப்பு மூட்டுகிறேன் என்று கொல்லைப்பக்கம் போன குஞ்சம்மா நாலு மட்டையை உருவினாள்.

"அண்ணே, அந்தோணியார் கொண்டாந்து குடுத்துட்டார்ணே."

"ஸ்தோத்திரம்" என்றார் லூர்துநாதன். குரலில் ஜீவனே இல்லை.

கடைசியாகத் தொண்டையில் கை வைத்தார். மூன்று மணிக்குக் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பேச்சு வரவில்லை என்று ஜாடை காட்டினார்.

நாலு மணிக்கு மரியசெல்வம் வந்தார், மனைவியும் மகனும் கூடவே. கூடம் நிறைந்துவிட்டது. குஞ்சம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். "அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அதனால என்ன, சம்பந்தி ஐயாவுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே. இன்னிக்கு அவுங்களே கதை சொல்லட்டும்."

அவர் உண்மைக் கதையைச் சொன்னால் ரெண்டு வருஷக் கதை என்ன ஆவது? லூர்துநாதன் மப்ளரை உருவி எறிந்தார்.

"வேணாம் வேணாம். விருந்தாளியை வேலை வாங்கக் கூடாது. எனக்குச் சரியாயிடுச்சு."

"மெழுகுவர்த்திக்கு இவ்வளவு சக்தியா" என்று குஞ்சம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

படம் ஓடியது. லூர்துநாதன் சொல்லச் சொல்ல, மரியசெல்வம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் வாய் திறக்கும்போதெல்லாம் லூர்துநாதன் ஓரக்கண்ணால் சம்பந்தியைப் பார்த்துக்கொண்டார். பாதிக் கதையில் நாக்கு ஒட்டிக்கொண்டது. திரையில் டாக்டரும் இன்ஸ்பெக்டரும் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். தெரு அவர் வாயையே பார்த்தது.

"ஏங்க" என்றாள் இருதயமேரி மூலையிலிருந்து. "கொலை நடந்தப்போ படகுல இருந்தேன்னு டாக்டர் சாதிக்கிறாரா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அதெப்படி" என்றார் மதார் சாகிப். "ஈஸ்டருக்குப் போட்டப்போ தோட்டத்துல இருந்தார்னீங்களே. எது சரி? அதான் சம்பந்தியே இருக்காரே, கேட்டுடுவோம்."

எல்லாத் தலையும் மரியசெல்வத்தின் பக்கம் திரும்பியது. கதவுக்குப் பின்னால் ஆரோக்கியசெல்வியின் வளையல் சத்தம் நின்றுபோனது. லூர்துநாதன் மனசுக்குள் மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

மரியசெல்வம் கண்ணைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா சொல்றது நூத்துக்கு நூறு சரி. நான் கோர்ட்டுல இருபது வருஷமா இதே வேலை பாக்குறவன். இவ்வளவு தெளிவா எனக்குச் சொல்ல வராது."

குஞ்சம்மா மதார் சாகிப்பை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நாற்காலியில் கொஞ்சம் சுருங்கிக்கொண்டார். அப்புறம் டாக்டர் கைதானது, வாழைப்பழத்தோடு வெற்றிலைப் பாக்குத் தட்டு வந்தது, தை மாசத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தது, எல்லாம் லூர்துநாதனுக்கு எங்கேயோ தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது.

எல்லோரும் காரில் ஏறிக்கொண்டிருந்தபோது லூர்துநாதன் மரியசெல்வத்தை மட்டும் வேப்பமரத்தடிக்குத் தனியாக அழைத்துப் போனார். அவர் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"சம்பந்தி, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஒரு அட்சரம் தெரியாது. நான் சொன்னதெல்லாம் புளுகு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா தெரு முன்னாடி என் மானத்தைக் காப்பாத்துனீங்க? எம் பொண்ணு வாழ்க்கையையே காப்பாத்திட்டீங்க. இந்த நன்றியை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மரியசெல்வம் சங்கடத்தோடு வீட்டைத் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் இருதயமேரி நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நன்றியெல்லாம் எனக்கு எதுக்குங்க? காலையில மாதா கோயில்ல பூசை முடிஞ்சு வெளியில வந்தப்போ, என் வீட்டுக்காரரை நாலு பேர் முன்னாடி விட்டுக்குடுத்துடாதீங்கன்னு உங்க சம்சாரம் எங்கிட்டக் கேட்டுக்கிட்டாங்க. அவ்வளவு சுத்தமான பிரெஞ்சை நான் பாரீசுலகூடக் கேட்டதில்லை."