ஏழடி பிளேடு

"உங்க வண்டிக்கு ஆறடியே போதும்ங்க" என்றார் டேவிட்ராஜ், மூன்றாவது தடவையாக.

செய்யாறில் டிராக்டர் சாமான்கள் விற்கும் கடை அவருடையது. டிராக்டரின் முகத்தில் மாட்டி மண் தள்ளுகிற டோசர் பிளேடுகள் மூன்று வாசலில் சாய்ந்து நின்றன. ராஜவேலு பெண் பார்க்க வந்தவனைப் போல ஒவ்வொன்றையும் மேலும் கீழும் பார்த்தான்.

"முள்ளிப்பட்டு சின்னதுரை உங்ககிட்டதான வாங்கினாரு? எத்தன அடி?"

"ஆறடி."

"அப்ப எனக்கு ஏழடி."

"அண்ணே, பிளேடு வண்டியோட அகலத்த மூடினா போதும். அதுக்கு மேல போனா முன்னால கனம் ஏறிடும். வண்டி தாங்காது."

"சின்னதுரை வண்டி தாங்காது. என் வண்டி தாங்கும்."

டேவிட்ராஜ் பில் புத்தகத்தை எடுத்தார். "நேரா நிக்கிறதா, சாய்க்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

"சின்னதுரையது?"

"நேரா நிக்கிறது."

"சாய்க்கிறது குடுங்க."

பன்னிரண்டு வருஷம் முள்ளிப்பட்டில் இரண்டு விசைத்தறி ஓட்டியவன் ராஜவேலு. சத்தத்தில் காது பாதி போயிற்று. மீதிக் காதையாவது காப்பாற்றலாம் என்று தறிகளை விற்றுப் பழைய டிராக்டர் ஒன்று வாங்கினான். டிராக்டர் தறியைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. ஆனால் அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் பஞ்சாயத்தில் ஊருக்கு விளையாட்டு மைதானம் போட முடிவானது. டோசர் வைத்திருப்பவர்கள் ஒன்றாம் தேதி ஓட்டிக் காட்ட வேண்டும். நன்றாக ஓட்டுகிறவருக்கு மைதான வேலை, அதற்கப்புறம் ரோட்டு வேலையும். டீக்கடையில் சின்னதுரை சிரித்தான்.

"தறிக்காரன் டோசர் ஓட்டப் போறானாம்! பாவு நூலு அறுந்தா முடிச்சு போடலாம்பா, பக்கத்து ஊட்டு செவுரு உழுந்தா இன்னா பண்ணுவ?"

வீட்டில் ராஜவேலுவின் மனைவி பாஞ்சாலையின் பேச்சு இன்னும் சுருக்கம். "இந்த வேல கெடைக்கல, வண்டிய வித்துட்டு மறுபடியும் தறிதான். சொல்லிட்டேன்."

பிளேடோடு ஊருக்குள் நுழைந்த முதல் நாளே தெருக்குழாயின் கழுத்து போயிற்று. டிராக்டர் நுழைந்த தெருவில் பிளேடு நுழையவில்லை. குடத்தோடு நின்ற பெண்கள் வாழ்த்திய வாழ்த்து, பாதிக் காதிலும் தெளிவாக விழுந்தது. அன்றே முடிவு செய்தான், பழகுவதை யார் கண்ணிலும் படாத இடத்தில்தான் பழக வேண்டும்.

ஏரிக்கரை ஓரம் ஒரு புறம்போக்கு இருந்தது. மேடும் பள்ளமும் புற்றும் முள்ளும். பகலில் ஊரே தறியில் உட்கார்ந்திருக்கும், அங்கே ஆடுகூட வராது. தேர்வு செய்துவிட்டான்.

முதல் நாள் லிவரை இறக்கினான். பிளேடு மண்ணைக் கவ்வியது. பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. பூத்துக்குப் போய் டேவிட்ராஜுக்கு போன் போட்டான்.

"நான்தான் அப்பவே சொன்னனே. பின்னால வெயிட்டு வையிங்க."

பின்னால் கலப்பையை மாட்டி, அதன் மேல் நாலு மணல் மூட்டை கட்டினான். போதவில்லை. சோறு எடுத்து வந்த பாஞ்சாலையைப் பார்த்தான். கலப்பையைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு அப்டி பாக்கற?"

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் அந்த மூட்ட மேல ஒக்காந்துக்கோயேன்."

"என்ன எடக்கல்லுன்னு நெனச்சிகினியா?" என்று கேட்டாலும், தறிக்குத் திரும்புவதைவிட இது மேல் என்று ஏறி உட்கார்ந்தாள்.

இப்போது சக்கரம் பிடித்தது. ரொம்பவே பிடித்தது. பிளேடு உள்ளே இறங்கி, ஆள் நின்றால் இடுப்பளவுக்கு ஒரு பள்ளம் பறித்தது.

"மட்டம் பண்ண வாங்கினியா, கெணறு வெட்ட வாங்கினியா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சின்னதுரை கண்ணில் பட்டால் மானம் போகும். பள்ளத்தை மூடப் பக்கத்து மேட்டைத் தள்ளினான். பள்ளம் மூடியது, மேடு இருந்த இடம் பள்ளமாயிற்று. அதை மூட அடுத்த மேடு. நாலாம் நாள் பிளேடைச் சாய்க்கிற இரும்புப் பின்னை மாற்றிச் செருகிவிட்டதால், தள்ளிய மண்ணெல்லாம் இடதுபக்கமாகவே ஒதுங்கி ஏரிக்கரைக்குப் போட்டியாக இன்னொரு கரை நின்றது. அந்தக் கரையை உடைக்க இரண்டு நாள்.

"பேஜாரா பூட்ச்சி. வித்துடலாம் பாஞ்சால" என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான்.

அவள் மூட்டையிலிருந்து இறங்கிப் போனாள். மறுநாள் வரும்போது கையில் ஒரு கண்டு பட்டுநூலும் நாலு முளைக்குச்சியும் இருந்தன. குச்சிகளை நட்டு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினாள்.

"தறியில பாவு ஏத்தற மாதிரி நெனச்சிக்கோ. நூலத் தொட்டும் தொடாம மண்ணு நிக்கணும். மெதுவா வா. எறக்கு... போதும். தூக்கு!"

அதுவரை லிவரை இரும்பாகப் பிடித்தவன், அன்றைக்கு நூலாகப் பிடித்தான். பிளேடு சொன்ன பேச்சு கேட்டது. புற்று போயிற்று, முள் போயிற்று. நூலை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டே போனார்கள். பத்தாம் நாள் சாயங்காலம் பாஞ்சாலை குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"பட்டு விரிச்ச மாதிரி கீதுயா" என்றாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் அவனைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

சின்னதுரையோ, மைதானம் அங்கேதான் வரும் என்று நினைத்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் அடி அளந்துகொண்டிருக்கிறான் என்று ராஜவேலு கேள்விப்பட்டான். அளக்கட்டும் என்று சிரித்துக்கொண்டான்.

முப்பதாம் தேதி காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, பாஞ்சாலையையும் அழைத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனான். சின்னதுரை வாசல் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். 'நம்ம பேரு காதுக்கு எட்டிடுச்சி போல' என்று நினைத்தபடி ராஜவேலு நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனான்.

கிளார்க் ரோசம்மாள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மைதான வேலைக்குப் பேரு குடுக்கணும். ராஜவேலு, ஏழடி பிளேடு, சாய்க்கிறது. நாளைக்கு எந்த எடத்துல ஓட்டிக் காட்டணும்னு சொல்லுங்க, அசத்திடறேன்."

ரோசம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இனிமே எதுக்குங்க? அந்த ஏரிக்கரைப் புறம்போக்கதான் மைதானத்துக்கு ஒதுக்கியிருந்தோம். எந்தப் புண்ணியவானோ காசு கேக்காம, பேரு சொல்லாம, பட்டு விரிச்ச மாதிரி மட்டம் பண்ணிக் குடுத்துட்டுப் போயிட்டாராம்னு நேத்தே டெண்டர ரத்து பண்ணிட்டாங்க!"