காற்றில் பின்தங்கிய பகுதி

ஒரு காட்டில் ஆனி பிறந்துவிட்டால் நின்று பேச முடியாது. கணவாய் வழியாக வருகிற காற்று பேச்சையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்தக் கணவாய்க்குப் பக்கத்தில்தான் சுடலையாண்டி என்கிற முள்ளம்பன்றி கிழங்குத் தோட்டம் போட்டிருந்தான். மழை ஏமாற்றிய வருடம். கிணற்றில் தண்ணீர் கிடந்தது; மோட்டார் ஓடக் கரண்டு இல்லை. கிழங்கு காய்ந்தால் பெண்டாட்டி பிள்ளைகளோடு பட்டினிதான்.

அந்த நேரம் பார்த்து சிங்க மகாராஜா காற்றாலைக் கொள்கையை அறிவித்தார். காற்றாலை வைப்பவருக்கு அரசே கம்பி இழுத்து, மோட்டாருக்கு இணைப்பும் கொடுக்குமாம். சுடலையாண்டி அதை அப்படியே நம்பினான். நம்புவதற்கென்றே சில பிராணிகளைக் கடவுள் படைத்திருக்கிறார். மூங்கில் வெட்டி, இறக்கை செதுக்கி, கணவாய் மேட்டில் காற்றாலையை நிறுத்தினான். அது பேய் பிடித்த மாதிரி சுற்றியது. கம்பி ஒன்றுதான் பாக்கி.

பார்வையிட அமைச்சர் கரடியார் வந்தார். இறங்கியதுமே அவர் தோள்துண்டு பறந்துபோயிற்று.

"என்னவே, இங்க ஏற்கெனவே காத்து அடிக்கே?"

"ஆமாய்யா. அதனாலதான் இங்க வச்சேன்."

"அப்போ ஒமக்கு எதுக்குவே அரசாங்க உதவி? கொழுத்த பிள்ளைக்கா சத்துமாவு கொடுப்பாக? காத்துல பின்தங்கின பகுதிக்குத்தான் முன்னுரிமை."

கூட வந்த அதிகாரிக் கழுதைகள் எல்லாம் தலையாட்டின. அந்தத் தலைகளை வேறு எதற்கும் பயன்படுத்தி அவற்றுக்குப் பழக்கமில்லை.

அங்கிருந்து அமைச்சர் நேராகப் பாறைக்குப் பின்னால் இருந்த பள்ளத்துக்குப் போனார். கோமதிநாயகம் என்கிற நரி அங்கே வரிசையாகக் காற்றாலைகளை நட்டுவைத்திருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை.

"பாத்தீயளா அண்ணாச்சி, ஒரு பொட்டுக் காத்து இல்ல" என்று நரி மூக்கைச் சிந்தியது. அமைச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே உத்தரவு போட்டார்.

கம்பி வந்தது. சுடலையாண்டியின் தோட்டத்துக்கு மேலேயே போயிற்று. குறுக்கே நிற்கிறது என்று அவன் காற்றாலையைப் பிடுங்கிப் போட்டார்கள். "ஐயா, போற வழியில எனக்கு ஒரு இணைப்பு" என்று கெஞ்சினான். "ஒமக்குக் காற்றாலையே இல்லையேவே" என்றார்கள்.

திறப்பு விழா. மகாராஜா வரும்போது இறக்கை நிற்கக் கூடாதல்லவா? காட்டில் இருந்த கரண்டையெல்லாம் கம்பி வழியாகப் பள்ளத்துக்கு அனுப்பினார்கள். காற்றாலைகள் கரண்டில் சுற்றின. சுற்றியதில் சிலுசிலுவென்று காற்று வந்தது. மகாராஜாவின் பிடரி லேசாக அசைந்தது.

"கொள்கை ஜெயிச்சிட்டு மகராசா!" என்று கரடியார் கூவினார். "காத்தே இல்லாத ஊருக்குக் காத்தைக் கொண்டாந்துட்டோம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

சுடலையாண்டி வீட்டுக்கு வந்தான். அவன் பெண்டாட்டி இசக்கியம்மாள் காய்ந்துபோன கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தாள். விரலளவுகூடத் தேறவில்லை. தலைக்கு மேலே கம்பியில் கரண்டு போய்க்கொண்டிருந்தது. காற்று அவள் முந்தானையைப் பிய்த்துக்கொண்டு அடித்தது.

"பிள்ளைக பசியில கெடக்கு" என்றாள் அவள். "ஊர்ல ஒருத்தருக்கும் இல்லாத புத்தி ஒமக்கு மட்டும் எதுக்கு? காத்தடிக்கிற எடத்துல போயா காற்றாலை வப்பாக?"



நீதி: காற்றே வராத இடமாகப் பார்த்துக் காற்றாலை வையுங்கள். சுற்றிவிட அரசாங்கம் இருக்கிறது.