குருபரப்பள்ளிக்குப் போன பேக்கேஜ்

"ஒரே நிமிஷம் பாய்" என்று ஆபீஸ் முதலாளி சாந்த் பாஷாவிடம் சென்றாயன் சொல்லி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குருபரப்பள்ளி லாரி புக்கிங் ஆபீஸ் வாசலில் சரக்கு பில்லுக்காக லாரிகள் வரிசை கட்டி நின்றன.

"ஆய்த்தா சார்?" என்று ஒரு கன்னட டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

எங்கே ஆய்த்து? ‘லைப்ரரி’ என்கிற ஏதோ ஒரு துணை புரோகிராம் இல்லை, ஏற முடியாது என்று கம்ப்யூட்டர் அடம் பிடித்தது.

பில் போடும் புரோகிராமை எழுதியவனே சென்றாயன்தான். மூக்கண்டப்பள்ளி கம்பெனியில், அவன் மேஜையில், அது ஜம்மென்று ஓடியது. அதைப் பேக்கேஜாகக் கட்டி, ஒரே கட்டளையில் அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அங்கேதான் வந்தது வினை. கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ்தான் வேண்டும் என்றவர் கம்பெனி முதலாளி ராமப்பன். ஏதோ பத்திரிகையோடு அதன் சி.டி. சும்மா வந்ததாம், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ‘நல்லா ஓடுது’ன்னு சாந்த் பாஷாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா, வேலை பர்மனென்ட். இல்லன்னா உங்க அஞ்செட்டிக்கே பஸ் ஏறிக்க" என்றிருந்தார் அவர்.

அஞ்செட்டிக்கு பஸ்ஸே சரியாகக் கிடையாது என்று சொல்ல வாயெடுத்து, சென்றாயன் அடக்கிக்கொண்டான்.

மறுநாள் அந்த லைப்ரரியைக் கொண்டுவந்தான். அதற்கு இன்னொரு லைப்ரரி வேண்டுமாம். அதற்கடுத்த நாள் அதையும் ஏற்றினான், பிரின்டர் படுத்துவிட்டது. வியாழக்கிழமை வெறுத்துப்போய், ‘எது எக்கேடு கெட்டாலும் ஏற்று’ என்கிற வகைக் கட்டளை ஒன்றைத் தட்டினான். கம்ப்யூட்டர் அவனையே உள்ளே விட மறுத்தது.

"மன்னிச்சுக்குங்க பாய்" என்றான்.

"அட, பரவால்ல தம்பி! அவசரமே இல்ல. நிதானமாப் பண்ணுங்க. சாப்டீங்களா?" என்றார் சாந்த் பாஷா. பக்கத்திலேயே மெஸ் நடத்தும் அவர் மனைவி அஸ்மத், தினமும் போல அன்றும் சுடச்சுட பரோட்டா அனுப்பினாள்.

டிரைவர்கள் கத்தினால் பாய் அவர்களைத்தான் அடக்கினார். "கையில எழுதற பேச்சே கெடயாதுப்பா. தம்பி சரி பண்ணிட்டிருக்காரு இல்ல? போய் ஒக்காருங்க." சென்றாயன் கிளம்பிய பிறகுதான், வேறு வழியில்லாமல் கையால் பில் எழுதிக் கொடுத்தாராம்.

என்ன நம்பிக்கை! சென்றாயனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனை ஏமாற்றக் கூடாது என்று மூக்கண்டப்பள்ளிக்குத் திரும்பியதும் எதுவும் ஏற்றாத ஒரு மொட்டைக் கம்ப்யூட்டரை எடுத்துவைத்து அதில் ஏற்றிப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது: அவன் மேஜையில் எல்லாமே முன்பே இருந்ததால்தான் அது அங்கே ஓடியது. எது எது வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சேர்த்து, பேக்கேஜைப் புதிதாகக் கட்டினான்.

வெள்ளிக்கிழமை பாயின் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து லினக்ஸை மறுபடி போட்டான். மனதுக்குள் பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டு ஒரே கட்டளை தட்டினான். ஏறிவிட்டது! முணுமுணுப்பே இல்லை. பிரின்டர் கிறீச்சிட்டுக்கொண்டு முதல் பில்லைத் துப்பியது.

டிரைவர்கள் கை தட்டினார்கள். பில்லை வாங்கினார்கள், வண்டியை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாசல் காலி.

சென்றாயன் பூரிப்போடு காகிதத்தை நீட்டினான். "பாய், ஒரு கையெழுத்து."

சாந்த் பாஷா பேனாவைத் திறந்தார். வாசலைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

அஸ்மத் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "பில்லு இப்பிடி ஒடனே வந்துட்டா எந்த டிரைவரு தம்பி ஒக்காந்து சாப்புடுவான்? இந்த வாரம் பூரா மெஸ்ஸுல நிக்க எடமில்லாம யாவாரம் ஆச்சு. நேத்து இருந்த மாதிரியே கெடுத்துக் குடுத்துட்டுப் போங்க, அவரு இப்பவே கையெழுத்துப் போட்டுருவாரு!"