எண்பதில் நின்ற சார்ஜ்

இன்றைக்கும் எண்பதிலேயே நின்றுவிட்டது.

சேசுராஜ் தன் மின்சாரக் காருக்குப் போட்டிருந்த சார்ஜர் திரையை உற்றுப் பார்த்தார். எண்பது சதவீதம். பக்கத்தில், சார்ஜை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் உள்ளே அமுங்கிக் கிடந்தது. போன மாதமும் இதே காரைக்குடி ஓட்டல் வாசலில் இரண்டு தடவை இப்படி ஆனது. கல்லலில் உள்ள வீட்டுக்குத்தானே என்று அப்போது விட்டுவிட்டார். இன்று விட முடியாது. மகள் மரிய அனிதா மஸ்கட்டிலிருந்து ஐந்து மணிக்குத் திருச்சியில் வந்து இறங்குகிறாள். நாளை அவள் அம்மா லூசியாவுக்கு முதலாண்டு நினைவுப் பூசை. போக வர நூற்று அறுபது கிலோமீட்டர். மகளோடு நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

லூசியா இருந்தவரை சேசுராஜுக்கு ஓட்டுவது மட்டும்தான் வேலை. சார்ஜ் போடுவது அவள். கேபிளை யார் காலிலும் இடறாமல் ஒதுக்கி, காரைப் பூட்டி, திரையில் எண் ஓடத் தொடங்கிய பிறகுதான் சாப்பிட வருவாள். சாப்பிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் சேசுராஜுக்குக் கண் சொக்கும். லூசியா பக்கத்தில் உட்கார்ந்து, நாத்தனார் கல்யாணத்தில் தனக்குப் பந்தியில் இடம் கிடைக்காமல் போனதிலிருந்து தொடங்குவாள். ஊர் வந்து சேரும்வரை சண்டை ஓயாது.

அவள் போனபின் பத்து மாதம் அவர் காரையே எடுக்கவில்லை.

"முத்து, இத யாருப்பா அமுக்குனது?"

காவலாளி முத்து தொப்பியைக் கழற்றினார். "நான் கண்ண எடுக்கல சார். ஒரு போன் மட்டும் வந்துச்சு."

"யாரு?"

"வீட்டுல."

"எவ்வளவு நேரம் பேசுன?"

"நான் பேசல சார். அவ பேசுனா."

சேசுராஜ் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஓட்டலில் ஒரு தாள் வாங்கி, கரும்பலகையில் எழுதுவதுபோலப் பெரிய எழுத்தில் 'அபாயம். தொடாதே' என்று எழுதி இயந்திரத்தில் ஒட்டினார். பொத்தானைத் திருகி விடுவித்து, மறுபடி சார்ஜைத் தொடங்கிவிட்டுக் கை கழுவப் போனார்.

குழாயடியில் நிற்கும்போதே விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் நின்றன. உள்ளே யாரோ சாம்பார் எங்கே என்று இருட்டில் கேட்டார்கள்.

மேனேஜர் முருகப்பன் வேர்த்துப்போய் வாசலில் நின்றிருந்தார். "கிட்டப் போகாதீக சார். மிஷின்ல அபாயம்னு போட்டிருக்கு. மெயினையே ஆஃப் பண்ணிட்டேன்."

"அத நான்தான் எழுதுனேன்."

"எதுக்கு எழுதுனீக?"

"யாரும் தொடக் கூடாதுன்னு."

"நானும் அதுக்குத்தான் ஆஃப் பண்ணுனேன்."

"இப்ப போடுங்க சார், ஒண்ணுமில்ல."

"எலக்ட்ரீசியன் ஞானசம்பந்தம் வந்து பாக்காம சார்ஜர் லைன மட்டும் போட மாட்டேன். அவரு புதுவயல் ரைஸ் மில்லுல நிக்கிறாரு. அஞ்சு மணி ஆயிரும்."

ஐந்து மணிக்கு மகள் திருச்சியில் நிற்பாள். சேசுராஜ் போய்ச் சார்ஜர் பிளக்கைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஒரு காலைப் பம்பரில் ஊன்றி இழுத்தார். கார்தான் குலுங்கியது.

"இழுக்காதீக சார்." வாசலில் இளநீர் விற்கும் புஷ்பவள்ளி அரிவாளும் கையுமாக வந்தாள். "பூட்டியிருந்தா வராது. சாவிய அமுக்கிக் கதவத் திறங்க, அதுவா விட்டுரும். லூசியா அக்கா அப்பிடித்தான் எடுப்பாக."

திறந்தார். 'டக்' என்று விட்டது.

ஏசி போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிளம்பினார். திருமயம் வரை பொத்தானை அமுக்கியவனைத் திட்டினார். புதுக்கோட்டை வரை முத்துவின் போனை. கீரனூர் வரை முருகப்பனை. எல்லாவற்றையும் பக்கத்து இருக்கையைப் பார்த்தே சொன்னார். விமானம் இறங்க இருபது நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். திரும்பி வரும்போது அதே பாட்டை மகளுக்கு முதலிலிருந்து பாடினார்.

நன்றாக இருட்டியபின் ஓட்டல் வாசலுக்கு வந்தபோது சார்ஜ் பதினெட்டு மிச்சம் இருந்தது. முத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சார்ஜர் முன்னால் அவருக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். ஞானசம்பந்தம் வந்து பார்த்து, லைனைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாராம்.

சேசுராஜ் சார்ஜ் போட்டார். கேபிளை ஓரமாக ஒதுக்கினார். காரைப் பூட்டி, எண் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எம்பதே போதுமா இருந்துச்சுல்லப்பா," என்றாள் அனிதா.

"அது வேற. அமுக்குனது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"வழியெல்லாம் இதே பேச்சு. ஆனா ஒரு கொட்டாவிகூட விடல நீங்க. அம்மா இருந்தா நம்பியிருக்க மாட்டாக."

புஷ்பவள்ளி இரண்டு இளநீரைச் சீவி நீட்டினாள். அனிதாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, நீ இங்கனதான இருக்க," என்றார் சேசுராஜ். "அந்தப் பொத்தான யாரு அமுக்குனானு பாத்தியா?"

அவள் அரிவாளை முந்தானையில் துடைத்தாள்.

"நாந்தான் சார். கடைசியா ஆசுபத்திரிக்குப் போறப்ப அக்கா சொல்லிட்டுப் போனாக, 'எம்பது வந்ததும் அமுக்கிரு புஷ்பவள்ளி, அவருக்கு அது போதும். நான் பக்கத்துல இல்லாட்டி யாராச்சும் கோவத்தக் கெளப்பி விட்டாத்தான் அந்த மனுசன் தூங்காம ஓட்டுவாரு'ன்னு."