பச்சைத் தவளையில் ஓர் இருக்கை

இந்த வருடம் பச்சைத் தவளையில் ஏறியே தீருவது என்று முடிவு செய்தேன்.

என் வாழ்க்கையில் நானே சொந்தமாக எடுத்த முடிவுகள் மொத்தம் மூன்று. முதல் இரண்டையும் என் மனைவி திருத்திக் கொடுத்துவிட்டாள். அதனால் மூன்றாவதை அவளிடம் காட்டவே இல்லை.

பச்சைத் தவளை என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அது ஒரு கார். பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. கூரை கிடையாது. முன்விளக்குகள் இரண்டும் தவளையின் கண்களைப் போல மேலே துருத்திக்கொண்டு நிற்கும். என்னைவிடப் பதினோரு வயது மூத்தது. ஆனாலும் காலையில் என்னைவிடச் சீக்கிரம் கிளம்பிவிடும்.

அதன் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். நான் தரை ஓடு விற்கும் கடையில் மேற்பார்வையாளன். தவளை நிற்கும் கொட்டகைக்கு ஓடு வாங்க வந்தார். மற்றவர்கள் பூஜையறைக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு, வழுக்காத சாம்பல் நிற ஓட்டைப் பொறுக்கினார். அன்று தொடங்கிய பழக்கம்.

வருடத்துக்கு ஒரு முறை இப்படிப்பட்ட கிழட்டுக் கார்கள் நாற்பது ஒன்றுசேர்ந்து ஒரு நாள் முழுக்க ஓடும். அதற்கு ராலி என்று பெயர். வேகமாகப் போகிறவர்தான் ஜெயிப்பார் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? அதுதான் இல்லை. ஓர் இடத்துக்குப் பத்து மணி பன்னிரண்டு நிமிடம் நாற்பது வினாடிக்கு வரச் சொன்னால், அந்த வினாடியில் வர வேண்டும். பிந்தினால் தண்டனைப் புள்ளி. முந்தினாலும் தண்டனைப் புள்ளி. கல்யாணமானவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஓட்டுகிறவர் கண்ணைச் சாலையில் வைத்திருப்பார். எனவே பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, மடியில் வழிப் புத்தகமும் கையில் ஸ்டாப்வாட்சுமாக, "முந்நூறு மீட்டர், இடது! ரெண்டு செகண்ட் லேட்!" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். அவருக்கு நேவிகேட்டர் என்று பெயர். அவர் வாய் நின்றால் கார் நின்ற மாதிரிதான்.

நான் அதுவரை எங்கே இருந்தேன்? பின்னால். ஒன்பது வருடமாகப் பின்னால். எங்களைப் போன்ற பைத்தியங்கள் ஐம்பது அறுபது பேர் உண்டு. ஒரு வளைவில் நின்று கார்கள் போவதைப் பார்ப்போம். கடைசிக் கார் போனதும் எங்கள் சொந்த வண்டிகளில் விழுந்தடித்து ஏறி, குறுக்கு வழியில் அடுத்த வளைவுக்கு ஓடுவோம். அங்கேயும் அதே கார்கள்தான் வரும். இருந்தாலும் புதிதாகப் பார்ப்பதுபோல் கை தட்டுவோம்.

போன வருடம் என் மனைவியையும் அழைத்துப் போனேன். அங்கேதான் விழுந்தேன்.

ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். அவள் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினாள். அந்த நேரம் பார்த்துத் தவளை கடந்து போனது. நான் பின்தொடர்ந்தேன். நாற்பது கிலோமீட்டர் போனேன். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன், யாரும் திட்டவில்லை. இரண்டாவது திருப்பத்தையும் தவறவிட்டேன், அப்போதும் யாரும் திட்டவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகமே வந்தது. பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். கைப்பை மட்டும் உட்கார்ந்திருந்தது.

திரும்பிப் போனபோது அவள் காற்றடிக்கும் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றிருக்கிறாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இனிமே ராலின்னு ஒரு வார்த்தை இந்த வீட்டுல கேக்கக்கூடாது."

"சரி."

"ஸ்போர்ட்ஸ் காரு?"

"அதுவும்."

"தவளை?"

"மழைக்காலத்துல கத்தினாக்கூடக் காதைப் பொத்திக்கிறேன்."

இந்த நிலைமையில்தான், இரண்டு மாதம் முன்பு டாக்டர் கடைக்கு வந்து என் தோளில் கை வைத்தார். "என் மச்சான் வெளிநாடு போயிட்டான் சார். நேவிகேட்டர் இல்ல. நீங்க வர்றீங்களா?"

ஒன்பது வருடம் பின்னால் போனவனை முன்னால் கூப்பிடுகிறார். பழகுவதற்குப் போன வருடத்து வழிப் புத்தகத்தைக் கொடுத்தார். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கே பழகுவது? வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை குளியலறை. தினமும் காலையில் குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, "நூற்றிருபது மீட்டர், வலது! பாலம், நேர்! ஒரு செகண்ட் சீக்கிரம்!" என்று பயிற்சி செய்தேன்.

"உள்ள யாருகிட்ட பேசுறீங்க?" கதவுக்கு வெளியே குரல்.

"பாட்டு."

"ராகம் நல்லாயிருக்கு. இன்னும் கொஞ்சம் சத்தமாப் பாடுங்க."

மனைவி பாராட்டினால் சந்தேகப்பட வேண்டும். அந்தப் பாடத்தை நான் படித்திருக்கவில்லை. சத்தமாகவே பாடினேன்.

அடுத்த சிக்கல், ராலி நாளில் வீட்டைவிட்டு எப்படிக் கிளம்புவது? யோசித்தேன். டாக்டர் பல் டாக்டர். நான் டாக்டர் வீட்டுக்குப் போகப்போகிறேன். எனக்குப் பல் வலித்தால் போதுமே! பொய்யில் முக்கால்வாசி உண்மை. இப்படி ஒரு திட்டம் எனக்குத் தோன்றியதில் எனக்கே மரியாதை வந்தது.

ராலிக்கு ஒரு வாரம் முன்பு கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆ… பல்லு…"

"எந்தப் பல்லுங்க?"

"இந்தா, மேல, வலது பக்கம்."

"ஐயோ பாவம். ரெண்டு வருஷமா சொல்றேன், டாக்டர்கிட்ட காட்டுங்க, காட்டுங்கன்னு. ஊசின்னா ஓடுற ஆளு நீங்க."

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. நாள் பூரா ஆகும்னாரு."

"நாள் பூராவா! ஒரு பல்லுக்கா?"

"வேர் ஆழமாம்."

அன்று முதல் எனக்குக் கஞ்சி. காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரி கொஞ்சம் தண்ணியான கஞ்சி. எனக்கு உயிரான வேர்க்கடலையை என் எதிரிலேயே வறுத்து, என் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கடித்தாள்.

"உங்களால கடிக்க முடியாதே. பாவம்." கடக்.

"இப்போ எந்தப் பக்கம் வலிக்குது?"

"கீழ… இடது பக்கம்."

"ம்." கடக்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். ஒரு சொட்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் மொத்தக் குற்றத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவாள். மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம், ஒரு வினாடி கூடாது, குறையாது. இதையெல்லாம் நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் சொன்னாள்: "நாளைக்கு நானும் வரேன்."

"நீ எதுக்கு? அங்க உனக்குப் போரடிக்கும்."

"நீங்க ஊசியைப் பாத்து ஓடிட்டா? கையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணாமா?"

பரவாயில்லை, அதற்கும் வழி இருந்தது. டாக்டரின் கிளினிக் முன்பக்கம், வீடு நடுவில், தவளைக் கொட்டகை பின்பக்கம். இவளை முன் அறையில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய், பின்வாசல் வழியாக ஏறிவிட வேண்டியதுதான். அவள் நாள் முழுக்க அங்கே இருக்கும் பழைய வார இதழ்களைப் படிக்கட்டும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆட்டோவில் போனோம். அவள் காலில் கான்வாஸ் ஷூ. கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப். கைப்பை வழக்கத்தைவிடப் பருமன். கவனித்தேன். ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. மூளைக்கும் ஒரு வாரமாகக் கஞ்சிதானே.

"நீ இங்கயே உக்காரு. நான் உள்ள போய்ட்டு…"

"வாங்க, வாங்க!" கதவைத் திறந்தவர் டாக்டர் இல்லை. டாக்டரம்மா. அவரும் பல் டாக்டர்தான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். கையுறை, முகமூடி, பளபளவென்று ஒரு தட்டு நிறைய ஆயுதங்கள்.

"அக்கா போன்ல எல்லாம் சொன்னாங்க. இன்னிக்கு அவருக்கு ராலி, அதனால நானே பாக்குறேன். உக்காருங்க."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தாயைப் போலச் சிரித்தாள்.

"ராலியா? அப்படியா? இன்னிக்கா?" என்றாள். "நமக்கு எதுக்குங்க அதெல்லாம். நீங்க வாயைத் திறங்க."

என்ன செய்வேன்? வலி இல்லை என்றால் ஒரு வாரத்துப் பொய் வெளியே வரும். வலி என்றால் ஊசி உள்ளே வரும். தப்பிக்க மூன்றாவதாக ஒரு வார்த்தை தமிழில் கிடைக்காமல் வாயைத் திறந்தேன்.

"இவர் சொன்ன பல்லு எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டரம்மா, கண்ணாடிக் குச்சியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து. "ஆனா கடைசில ஒண்ணு முழுக்க சொத்தை. வேர் வரைக்கும் போயிடுச்சு. இன்னிக்கே எடுத்துடணும்."

"நான் ரெண்டு வருஷமா அதைத்தான் சொல்றேன்," என்றாள் என் மனைவி. "ஓட விடாதீங்க. கையை நான் பிடிச்சுக்கிறேன்."

பிடித்துக்கொண்டாள். ஊசி இரண்டு. அப்புறம் 'மடக்' என்று ஒரு சத்தம். நீங்கள் சிறியவர்களாக இருந்தால் அடுத்த இரண்டு வரியைப் படிக்க வேண்டாம். என் பல் வந்துவிட்டது. அதன் வேர் உண்மையிலேயே ஆழம்.

வாயில் பஞ்சு. உதடு, நாக்கு, கன்னம் எதுவும் என்னுடையதாக இல்லை. அந்த நேரத்தில் பின்கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வந்தார். தோல் தொப்பி, நெற்றியில் காற்றைத் தடுக்கும் பெரிய கண்ணாடி.

"சார், எங்க போய்ட்டீங்க! இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான். வாங்க! …ஏன் வாயைக் கோணலா வச்சிருக்கீங்க?"

"வ்வ்வூ," என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "இடதுன்னு சொல்லுங்க பாப்போம்."

"வவவு."

"வலது?"

"வவவு."

"ஐயய்யோ! ஊசி போட்டுட்டியா?" என்று தன் மனைவியைப் பார்த்தார். "இது எப்போ சரியாகும்?"

"மூணு மணி நேரம்."

டாக்டர் நாற்காலியின் கைப்பிடியில் சரிந்து உட்கார்ந்தார். புதிய வழிப் புத்தகம் அவர் கையில் தொங்கியது. நான் அதைப் பிடுங்கி, எழுதிக் காட்டுகிறேன், ஜாடை காட்டுகிறேன் என்று ஜாடை காட்டினேன். "சாலையைப் பாப்பேனா, உங்க கையைப் பாப்பேனா சார்?" என்றார் அழாத குறையாக.

"அதைக் கொஞ்சம் குடுங்க," என்றாள் என் மனைவி.

புத்தகத்தை வாங்கினாள். புரட்டினாள்.

"நூத்தம்பது மீட்டர், இடது. ரயில்வே கேட், நேர். அடுத்தது நானூறு, வலது. அம்பது கிலோமீட்டர் வேகம்னா அதுக்கு இருபத்தொன்பது செகண்ட் ஆகும். சரியா டாக்டர்?"

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"எங்க வீட்டு பாத்ரூம் கதவு ரொம்ப மெல்லிசு. ரெண்டு மாசமாத் தினமும் அரை மணி நேரம் பாடம். சொல்லிக் குடுத்தவரு நல்ல வாத்தியாரு." கைப்பையைத் திறந்தாள். கூலிங் கிளாஸ் வந்தது. அடுத்ததாக, பரிசோதனைக் கூடத்து ஸ்டாப்வாட்ச் வந்தது.

நான் பின்வாசலுக்கு ஓடினேன். சாம்பல் நிற ஓட்டின்மேல் தவளை உறுமிக்கொண்டு நின்றது. நான் விற்ற ஓடு. ஒன்பது வருடம் நான் கனவு கண்ட இருக்கை. அதில் என் மனைவி ஏறி, ஸ்கார்ஃபைத் தலையில் கட்டி முடிச்சுப் போட்டாள்.

"வ்வ்வூ! வ்வ்வவ்வூ!" என்றேன். அதாவது, 'இது அநியாயம், அந்த இடம் எனக்குக் கொடுத்தது.'

"பேசாதீங்க, பஞ்சு விழுந்துடும்," என்றாள். "டாக்டர், கிளம்பலாம். பதினாறு செகண்ட் லேட்."

எங்கள் எதிர்வீட்டுத் தையல்காரர் ராலியைப் பின்தொடரும் என் கூட்டாளி. என்னைத் தவளையில் பார்க்க வேன் எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் காத்திருந்தார். தவளை அவரைக் கடந்து போனது. சிறிது நேரம் கழித்து, கன்னத்தில் ஐஸ் பையோடு நான் வெளியே வந்தேன்.

"அண்ணே, நீங்கதானே அதுல…? அது அண்ணி மாதிரி இருந்துச்சே?"

"வ்வூ."

"புரியுது," என்று கதவைத் திறந்துவிட்டார். கல்யாணமாகி இருபது வருடமானவர். புரியும்.

ஆக, பத்தாவது வருடமும் பின்னாலேயே போனேன். போன வருடத்து அதே பெட்ரோல் பங்கில் தையல்காரர் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கி, காற்றடிக்கும் மெஷின் பக்கத்தில் நின்றேன். தவளை வந்தது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். உடனே குனிந்து ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். போய்விட்டாள்.

சாயங்காலம் நாற்பது கார்களில் தவளைக்குத்தான் முதல் பரிசு. மொத்தம் நான்கே தண்டனைப் புள்ளி. "இவ்வளவு துல்லியமான நேவிகேட்டரை நாங்க பாத்ததே இல்ல," என்று மேடையில் சொன்னார்கள். நான் கை தட்டினேன். பழக்க தோஷம்.

நாக்கு மத்தியானமே திரும்பி வந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் முதல் கேள்வி இதுதான். "பல்வலி பொய்னு எப்போ கண்டுபிடிச்சே?"

"திங்கக்கிழமை மேல வலது. புதன்கிழமை கீழ இடது. வெள்ளிக்கிழமை முன்பல்லு. வலி எங்கயாவது டூர் போகுமா?" பரிசுக் கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். "பங்க்ல கையாட்டலைன்னு கோவமா? ஆட்டினா ரெண்டு செகண்ட் போயிடும். நீங்க எனக்கு ரெண்டு மணி நேரம் தரணும். கணக்கு இன்னும் இருக்கு."

அந்தக் கோப்பைக்குள் என் பல் கிடக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டையும் சேர்த்தே காட்டுகிறாள்.

அடுத்த வருட ராலிக்கு டாக்டர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார். ஓட்டுநர் டாக்டர், நேவிகேட்டர் என் மனைவி. என்னையும் விட்டுவிடவில்லை. அதே நாள், அதே காலை எட்டு மணிக்கு எனக்கும் ஓர் இருக்கை பதிவாகியிருக்கிறது, டாக்டரம்மாவிடம்.