ஒரே பெட்டி, ஒரே அண்ணன்

என் மாமனாரை, அவர் எனக்கு மாமனார் ஆவதற்கு முன்பே, ஒருமுறை சாகடித்திருக்கிறேன். ஆயுதம் எதுவும் இல்லை. கணினியில் ஒரே ஒரு கிளிக். செய்தி மட்டும் இருபதடி அகலத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தொங்கியது.

இரண்டாயிரங்களின் கடைசி. எனக்கு இருபத்தைந்து வயது. திருவொற்றியூரில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று நாளுக்குப் பத்துப் பேனர் போகும். கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு கணக்கு உண்டு: இறந்தவர் படம் பெரிது, வருந்துகிறவர்கள் பெயர் அதற்கு அடுத்த அளவு, இறந்தவர் பெயர் மிச்சமிருக்கும் இடத்தில்.

கடையில் இரண்டு டிசைன் கணினிகள். ஒன்றில் நான், இன்னொன்றில் முதலாளி கஜேந்திரன். பின்னறையில் பிரின்டிங் மெஷின், அதற்கென்று ஒரு கணினி, அதை ஓட்டுபவன் டில்லி. மூன்றுக்கும் நடுவே ஒரு பென் டிரைவ் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எங்கள் டிசைன்களைவிட வைரஸ் அதிகம். வெறுத்துப்போன முதலாளி ரிச்சி தெருவிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தார். டிபன் கேரியர் அளவு, உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க்.

"இதுல போட்டா மூணு கம்ப்யூட்டர்லயும் தெரியுமாம்பா. உனக்கு இதெல்லாம் வரும்ல?"

"அரை மணி நேர வேலை சார்" என்றேன். (அதற்கு முன் அப்படி ஒரு பெட்டியை நான் பார்த்ததே இல்லை.)

ஒன்றரை நாள் ஆயிற்று. பெட்டி எந்தக் கணினியிலும் தெரியவில்லை. நான் நெட்வொர்க் முகவரி எண்களை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தேன். டில்லி டீ டம்ளரோடு வந்து, மேசைக்குக் கீழே தொங்கிய கேபிளை எடுத்துச் சொருகினான். பெட்டி தெரிந்தது. ("கேபிளும் ஒரு காரணமாக இருக்கலாம்" என்று அவனிடம் சொன்னேன்.)

அடுத்து அனுமதிகள். ஒவ்வொருவருக்கும் என்ன உரிமை என்று பெட்டி கேட்டது: பார்க்க மட்டுமா, மாற்றவுமா, எதுவும் இல்லையா?

"ஆளுக்கொரு ரூம் வுட்ரு மாமு. ஒருத்தன் சாமான இன்னொருத்தன் தொடக்கூடாது. பேஜாரா பூடும்" என்றான் டில்லி.

"அதெல்லாம் பழைய சிந்தனை" என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொன்னபோது எப்படி நின்றேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது. இடுப்பில் கை வைத்து நின்றேன். எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்து, படங்களுக்கென்று ஒரே ஒரு பொது ஃபோல்டர் திறந்தேன்.

இங்கே எங்கள் கடையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்யும் படத்துக்கெல்லாம் 'அண்ணன்' என்றுதான் பெயர் வைப்போம். பிறந்தநாள் கொண்டாடுபவர் அண்ணன், மாலை வாங்குபவர் அண்ணன், காலமானவரும் அண்ணன். இதில் அதுவரை ஆபத்து இல்லை. முதலாளி கணினியின் அண்ணன் அங்கே இருந்தார், என் கணினியின் அண்ணன் இங்கே இருந்தார். இன்னொன்று: ஃபைல் கனக்கக் கூடாது என்பதற்காகப் படத்தை டிசைனுக்குள் வைக்க மாட்டோம். படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். டிசைனைத் திறக்கும்போது அந்த இடத்தில் எந்த அண்ணன் இருக்கிறாரோ அவர் வந்து உட்காருவார்.

பெட்டி வேலை செய்யத் தொடங்கிய முதல் நாளே கோதண்டம் கடைக்கு வந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் விசைப்படகு வைத்திருப்பவர். அவர் மகள் கலைவாணியை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து முடிவு சொல்வதாகத் தரகரிடம் சொல்லியிருந்தார். கூழ் ஊற்றும் விழாவுக்குப் பேனர் என்பது சாக்கு. வந்தது என்னைப் பார்க்க. நான் அவருக்குப் பெட்டியைக் காட்டி இருபது நிமிடம் வகுப்பெடுத்தேன். "மொத்தக் கடையும் இப்ப என் கண்ட்ரோல்லதான் சார்" என்றேன்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் படத்தை ஸ்கேன் செய்து 'அண்ணன்' என்று சேமித்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றிவிடலாமா என்று திரை கேட்டது. இதுபோன்ற கேள்விகளை நான் அதுவரை படித்ததில்லை. ஆம் என்றேன். ஏற்கெனவே இருந்தது, காலையில் முதலாளி ஸ்கேன் செய்த அண்ணன். எங்கள் பக்கத்துத் தெருவில் முந்தின இரவு காலமான ஒரு பெரியவர்.

மதியத்துக்கு மேல் டில்லி இரண்டு பேனரையும் வரிசையாக அடித்தான். இரண்டிலும் ஒரே முகம்; ஆனால் அவனுக்கு இருவரையுமே தெரியாது, அடிப்பதை நின்று பார்க்கும் வழக்கமும் இல்லை. அந்தி சாயும் நேரத்தில், பேனர் கட்டும் கூலிப் பையன்கள் கண்ணீர் அஞ்சலியைச் சுருட்டி எடுத்துப்போய் நெடுஞ்சாலையோரம் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் விடிகாலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போன குப்பத்துப் பெண்கள், பேருந்து ஜன்னல் வழியாகக் கோதண்டத்தைப் பார்த்தார்கள். பேருந்திலிருந்து முகம் தெரியும், பெயர் தெரியாது. செய்தி மீஞ்சூரில் இருக்கும் அவர் தங்கை சரோஜாவுக்குப் போனது. அண்ணனுக்கே போன் போட்டு உறுதிசெய்திருக்கலாம்தான். ஆனால் சாவு வீட்டுக்குப் போன் போட்டு "நிஜமாவா?" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அடுத்த ரயிலிலேயே பதினொரு பேர் மாலைகளோடு வந்து இறங்கினார்கள். வாசலில் அழுகுரல் கேட்டு, யார் வீட்டில் என்று விசாரிக்கப் பல் துலக்கியபடி வெளியே வந்தார் கோதண்டம்.

முதலாளி போனில் கத்தியதும் நானும் டில்லியும் ஓடினோம். பேனருக்குக் கீழே கோதண்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தன் மரணத்துக்கு யார் யார் வருந்துகிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சரோஜா அவர் தோளை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலமானவரின் மகன் கூட்டத்திலிருந்து வந்தார். கோபப்படவில்லை. "எங்கப்பா எங்க சார்?" என்றார். "கீறதே அந்த ஒரு போட்டோதான்."

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. "மெஷின்ல சின்ன பிராப்ளம்" என்றேன், டில்லியைப் பார்த்து.

"மெஷின் மேல ஏன் போட்ற மாமு? அது குட்த்தத அடிக்கும். பெர்மிஷன் குட்த்தது யாரு?"

கோதண்டம் திரும்பினார். "இன்னா தம்பி, மொத்தக் கடையும் உன் கண்ட்ரோல்ல கீதுன்ன?"

ஃபோல்டர், அண்ணன், உரிமை எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, என் மூஞ்சிய எவன் வேணா எடுத்துக்கலாம்னு வுட்டு வெச்சிகீற."

அந்தப் பெட்டியைப் பற்றி அதைவிடச் சரியான விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

"மொதல்ல அவருக்கு அவரு மூஞ்சியக் குடு. ஊர்வலம் கெளம்பறதுக்குள்ள. அப்பால பேசலாம்."

அசல் போட்டோ ஸ்கேனர் கண்ணாடி மேலேயே கிடந்தது. பதினொரு மணிக்குள் டில்லி அடித்துக் கொடுத்தான். கட்ட வேண்டிய பையன்கள் வேறொரு பேனர் வேலைக்குப் போயிருந்ததால் நானே ஏணியில் ஏறினேன். கீழே கூடியிருந்தவர்கள் பேசியது அத்தனையும் காதில் விழுந்தது. கோதண்டத்தை இறக்கி, பெரியவரை ஏற்றினேன். கோதண்டம் செருப்பைக் கழற்றிவிட்டுப் புதுப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னிடம், "ஞாயித்துக்கெழம நான் வர்ல" என்றார்.

சரோஜா குறுக்கே பாய்ந்தார். "இன்னா பேசற நீ? செத்தேன்னு சேதி வந்தா ஆயுசு கெட்டி. உனக்கு ஆயுசு குட்த்தது இந்தப் புள்ள!"

"இவன் எனக்கு ஒண்ணும் குட்க்கல. என்னத்தான் எடுத்து குட்த்தான்."

அவர் சொன்னபடியே அந்த ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். டில்லி பெட்டியில் ஆளுக்கொரு அறை பிரித்துவிட்டு, எனக்குப் பார்க்கும் உரிமை மட்டும் வைத்தான். முதலாளி தடுக்கவில்லை. சில மாதங்களில் நான் ஒரு பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கப் போனேன். படத்தையும் பெயரையும் மூன்று முறை ஒப்பிட்டுப் பார்ப்பவன் என்று அங்கே எனக்கு நல்ல பெயர்.

கடைசியில் சம்மதம் வாங்கியது கலைவாணிதான். "அசிங்கப்பட்டும் ஓடாம ஏணில ஏறினாரு இல்ல, போதும்" என்று அப்பாவிடம் சொன்னாளாம். கோதண்டம் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: கல்யாணத்துக்குப் பேனர் கூடாது. எங்கள் பகுதியில் பேனரே இல்லாமல் நடந்த கல்யாணம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மாமனார் நலமாக இருக்கிறார். சரோஜா அத்தை இன்றும் அதற்கு என்னைத்தான் காரணம் சொல்கிறார். என் மனைவி மட்டும் தன் போனின் பாஸ்வேர்டை இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட எனக்குச் சொன்னதில்லை. விருந்தினர் முன்னால் கேட்டாலும் ஒரே பதில்தான்:

"குட்க்கலாம்தான். ஆனா எங்கப்பா இன்னும் உயிரோட கீறாரே."